வீட்டுத் தாங்கியைக் கழற்றச் சொன்ன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கரைக்குப் பொறுப்பான கடற்றொழில் அதிகாரிகள் கவனத்துக்கு,

"படகின் இரண்டாவது எண்ணெய்த் தாங்கியைக் கழற்றிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகுதான் அனுமதிப்பத்திரம்" என்று போன மாதம் படகுச் சோதனைக்கு வந்த உங்கள் உத்தியோகத்தர் கரையில் வைத்துச் சொன்னார். எனக்கு மட்டுமல்ல, அன்று வரிசையில் நின்ற இன்னும் ஏழு படகுக்காரருக்கும் அதே பேச்சு. ஏன் என்று கேட்டேன். மேலிடத்து முடிவு என்றார். எந்தக் கடிதம், எந்தப் பிரிவு என்று கேட்டேன். அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை இருந்தார். "கழற்றுவதால் உங்களுக்கு என்ன நட்டம்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். மேசைக்கு முன்னால் நின்றபடி அதற்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்றப் படகுக்காரரும் வாசிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு நாவலடியில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்களில் பலரைப் போல எனக்கும் வீடு திராய்மடுவில். படகு கிடப்பது பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுக்குக் கொஞ்சம் இப்பால். 19 அடிப் பைபர் படகு, 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சின். பெற்றோலில் இழுத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. இஞ்சினோடு வந்த சிவப்புத் தாங்கி 24 லீட்டர் பிடிக்கும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் போனால் என் இஞ்சின் மணித்தியாலத்துக்கு 6, 7 லீட்டர் குடிக்கும். அப்படியென்றால் ஒரு தாங்கி மூன்றரை மணித்தியாலம். என் அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார்: போக எட்டு, வர எட்டு, கடலுக்கு எட்டு. கடலுக்கு என்று ஒதுக்கிய எட்டு லீட்டரைக் கண்ணைக் கட்டினாலும் தொடமாட்டார். அந்தக் கணக்கின்படி போனால் கரையிலிருந்து 20 கிலோமீற்றர் அளவில் திரும்ப வேண்டும். அப்பா காலத்தில் அது போதும். அவர் பல நாள் அதில் பாதித் தூரம்கூடப் போனதில்லை. இப்போது சூரைக்கும் அறக்குளாவுக்கும் நான் 25, 30 கிலோமீற்றர் போகிறேன். ஆசைக்குப் போகவில்லை. கிட்ட மீன் இல்லை.

அதிலும் கச்சான் மாதங்களில் கணக்கு ஒப்பாது. உங்களில் சிலர் மேற்குக் கரையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், அதனால் சொல்கிறேன். கச்சான் எங்கள் பக்கம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. விடியப் போகும்போது முதுகில் தள்ளும், இஞ்சின் பாட்டில் ஓடும். திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு வரும். போக எட்டு லீட்டர் என்றால் வரப் பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். மேற்குக் கரையில் அந்த மாதங்களில் இஞ்சின் நின்றால் காற்று படகைக் கரைப்பக்கம் தள்ளும். இங்கே நின்றால் வங்காள விரிகுடாவுக்குத்தான் தள்ளும்.

ஆகவே 24 லீட்டருக்கு மேல் எண்ணெய் இல்லாமல் நாங்கள் யாரும் கடலுக்குப் போவதில்லை. நீங்கள் தாங்கியைக் கழற்றச் சொன்னால் அந்த எண்ணெய் கரையில் நிற்கப்போவதில்லை. கானுக்குள் ஏறி அதே படகில் வரும். கடைகளில் சமையல் எண்ணெய் வருகிற 20 லீட்டர் மஞ்சள் கான். மூடி இறுக்கமில்லாவிட்டால் பொலித்தீன் வைத்துத் திருகுவோம். பெற்றோலுக்குச் சோடாப் போத்தல். உங்கள் உத்தியோகத்தர் சோதனை செய்த அன்று என் படகுக்குப் பக்கத்துப் படகில் அப்படி மூன்று கான் கிடந்தது. அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டி போட்டுக் கட்டி, வால்வும் வடிகட்டியும் வைத்துப் பூட்டிய என் தாங்கிதான் அவர் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது.

அன்று எங்கள் கரையில் மூத்தவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், உங்கள் உத்தியோகத்தரிடம் கேட்டார்: "மனே, அப்ப கானோட போகச் சொல்றீங்களா?" அவர் சிரித்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

கானோடு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

2019 ஆடி மாதம். நானும் என் அக்காவின் மகனும். கிழக்கே நல்ல தூரம் போய் வலை வைத்து வாங்கிவிட்டோம். நல்ல பாடு, பெட்டி நிறையச் சூரை. திரும்பத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் தாங்கி அடியைத் தொட்டது. வழமை போல இஞ்சினை நிறுத்தி, கானைத் தூக்கித் தாங்கி வாய்க்குள் ஊற்றத் தொடங்கினேன். மருமகன் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நின்ற படகு காற்றுக்குக் குறுக்காகத் திரும்பும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். குறுக்காகத் திரும்பினால் அலை விலாவில் அடிக்கும். ஒரு அலை வந்து விழுந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. புனலுக்குள் போனது ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கும்.

தண்ணீர் மண்ணெண்ணெயை விடப் பாரம். நேரே அடிக்குப் போய்விடும். தாங்கியில் எண்ணெய் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆக இஞ்சின் முதலில் குடித்தது அந்தத் தண்ணீரை. ஐந்து நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. "மாமா, தண்ணி கலந்திட்டு" என்றான். கார்புரேற்றரைக் கழற்றித் துடைத்தோம். பிளக்கைத் துடைத்தோம். மிச்சமிருந்த பெற்றோலை ஊற்றி இழுத்தோம், எழும்பி மீண்டும் நின்றது. தாங்கிக்குள் இருந்த எண்ணெய் முழுவதும் கெட்டுவிட்டது. கானில் கொஞ்சம் நல்ல எண்ணெய் இருந்தது, ஆனால் அதை ஊற்ற வேறு தாங்கி இல்லை. கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கைத் தோல் கழன்றது. பொழுது பட்டது. கல்லடிப் பக்கத்து வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கியது. தொலைபேசிக்குச் சிக்னல் அதற்கு முன்னமே போய்விட்டது.

இரவு முழுவதும் கச்சான் தள்ளியது. நங்கூரம் எட்டாத ஆழம். எங்கள் பக்கம் கடல் சட்டென்று ஆழமாகும். மருமகனுக்கு அப்போது 19 வயது. அவன் அழவில்லை. மீன் பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு வாழைச்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பலநாள் கலம் ஒன்று எங்களைக் கண்டது. அவர்கள் எங்களைக் காண வேண்டும் என்று ஒரு நியாயமும் இல்லை, கண்டார்கள். மருமகன் அதற்குப் பிறகு கடலுக்கு வரவில்லை. இப்போது கட்டாரில் வேலை செய்கிறான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் இரண்டாவது தாங்கி வைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு வீட்டுத் தாங்கி என்று பெயர். முதல் தாங்கியில் போவோம், தொழில் செய்வோம். வீட்டுத் தாங்கியை மாற்றினால் அந்த நிமிடமே படகின் முன்பக்கமான அணியத்தை மேற்கே திருப்ப வேண்டும், மீன் படகைச் சுற்றிக் குதித்தாலும் சரி. அப்பாவின் மூன்று எட்டுக் கணக்கையே நான் இரண்டு தாங்கியாகப் பிரித்திருக்கிறேன், வேறொன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

எப்படி வைத்தேன் என்பதையும் சொல்கிறேன். உங்கள் படிவத்தில் "அனுமதியற்ற மாற்றம்" என்று இரண்டு சொல்லில் அது முடிந்துவிட்டது. இஞ்சினோடு வந்த அதே வகைத் தாங்கி இன்னொன்று வாங்கினேன், 24 லீட்டர். படகின் உடம்பில் ஒரு ஓட்டையும் போடவில்லை. நடுப்பலகைக்குக் கீழே, அடிப்பலகையோடு ஒட்ட, மரச் சட்டம் அடித்து அதற்குள் இருத்தி, நைலோன் பட்டி இரண்டால் கட்டினேன். ஒரு தாங்கியிலிருந்து மற்றதுக்கு எண்ணெய் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். இரண்டு குழாயும் ஒரு மூன்று வாய் வால்வில் சேரும். வால்வை இந்தப் பக்கம் திருப்பினால் இது, அந்தப் பக்கம் திருப்பினால் அது. வால்வுக்குப் பிறகு தண்ணீர் பிரிக்கிற வடிகட்டி, கீழே கண்ணாடிக் கிண்ணம் போட்டது. தண்ணீர் வந்தால் கிண்ணத்தில் கண்ணால் பார்க்கலாம், திருகைத் திறந்து வடிக்கலாம். அதற்குப் பிறகு கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றுகிற ரப்பர் பல்பு, பிறகு இஞ்சின். இரண்டு தாங்கிக்கும் கரையிலேயே எண்ணெய் கலந்து, மூடி, துடைத்துவிட்டுத்தான் இறக்குவேன். இரண்டு வீச்சு இஞ்சினுக்கு ஒயில் அளவாகக் கலக்க வேண்டும். ஆடுகிற படகில் கானிலிருந்து ஊற்றிக் கலந்தால் அந்த அளவு எப்படி வரும்? எத்தனை பேருடைய பிஸ்டன் அப்படிப் பிடித்திருக்கிறது என்று இஞ்சின் திருத்துகிற எந்தப் பாஸிடமும் கேட்டுப் பாருங்கள்.

பிழையும் விட்டேன், அதை மறைக்கவில்லை. முதலில் மலிவு என்று மெல்லிய குழாய் போட்டேன், அதுவும் நீளமாக. இஞ்சினில் இருக்கிற சின்னப் பம்பால் அவ்வளவு தூரம் இழுக்க முடியவில்லை, வேகம் கூட்டினால் மூச்சு வாங்கியது. குழாயை மாற்றினேன். இன்னொரு நாள் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்து, தாங்கி உள்ளுக்கு நெளிந்து இஞ்சின் நின்றது. கரையில் வெயிலில் கிடக்கும்போது அதே திருகைப் பூட்டி வைத்தால் தாங்கி பலூன் மாதிரி ஊதும். இதையெல்லாம் யாராவது முதலே சொல்லித் தந்திருந்தால் எனக்கு இரண்டு நாள் தொழில் மிஞ்சியிருக்கும்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வேறு ஒரு கரையில் 200 லீட்டர் பரல் ஒன்றை அணியத்தில் ஏற்றிப் பூட்டிய படகை நானும் பார்த்தேன். பாதி எண்ணெய் இருந்தாலே 80 கிலோ. அந்த 80 கிலோவும் ஒரு இடத்தில் நிற்காது, படகு சரிகிற பக்கம் ஓடி இன்னும் சரிக்கும். எண்ணெய் ஓடாமல் தடுக்கிற குறுக்குத் தகடு உள்ளே இல்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு ஏறி அலை உடைகிற இடத்தில் அப்படி ஒரு படகு அணியத்தைக் குத்தினால் திரும்ப எழும்பாது. இன்னொருவர் மூன்றரைத் தொன் டீசல் படகுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் தாங்கி அடித்தார். டீசலுக்கு நாகம் ஆகாது, கரைந்து வந்து வடிகட்டியை அடைத்துக்கொண்டே இருந்தது. பெற்றோலை மூடிய அறைக்குள் வைத்த ஆளும் இருக்கிறார். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், படகின் அடியில் தேங்கிக் கிடக்கும், ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய் அவ்வளவு இலகுவில் ஆவியாகிப் பற்றாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, பெற்றோலுக்கு இதைச் செய்யாதே, பரல் ஏற்றாதே, அணியத்தில் வைக்காதே என்று நீங்கள் தடுத்தால் முதல் ஆளாக நான் கையெழுத்து வைப்பேன். சின்னப் படகுக்காரர் பெரிய கலங்களுக்குக் கடலில் வைத்து எண்ணெய் விற்கிறார்கள் என்றும் ஒரு கதை உங்கள் அலுவலகத்தில் காதில் விழுந்தது. 24 லீட்டரை எந்தப் பெரிய கலம் வாங்கும்?

பாரம் கூடுகிறது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 24 லீட்டர் மண்ணெண்ணெய் 19 கிலோ சொச்சம். கானுக்குள் இருந்தாலும் அதே 19 கிலோதான். வித்தியாசம், கான் அலைக்கு அங்குமிங்கும் ஓடும், என் தாங்கி ஓடாது.

எண்ணெய் அடிக்கிற இடத்துக் கதை வேறு. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. 40 லீட்டருக்கு 3,480 ரூபாய் கொடுத்தவன் மறுநாள் 13,600 கொடுக்க வேண்டும். விலை பிறகு ஏறி இறங்கியது, அது வேறு. ஆனால் கானில் அடிக்க மாட்டோம் என்ற பேச்சு அன்று எண்ணெய் அடிக்கிற செட்டில் தொடங்கியது, இன்றும் ஆளைப் பார்த்துத் தொடர்கிறது. தாங்கியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அடிப்பார்கள். நான் கழற்றிப் பூட்டுகிற தாங்கியாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். செட்டில் கானுக்கு எண்ணெய் இல்லை என்கிறார்கள், கரையில் நீங்கள் தாங்கி கூடாது என்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான் எதில் கொண்டுபோவது?

படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று கையெழுத்து வைக்கச் சொல்லித் தந்த தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழையும் அரச கரும மொழியாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது. பாலமீன்மடுக் கரைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எட்டுப் பேரில் ஐந்து பேர் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்தார்கள். நான் வைக்கவில்லை. அதனால்தான் என் அனுமதிப்பத்திரம் இன்னும் உங்கள் மேசையில் கிடக்கிறது. புதுப்பிக்காத பத்திரத்தோடு கடலுக்குப் போனால் அது குற்றம் என்பது எனக்குத் தெரியும். போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும் என நினைக்கிறேன். இந்த மடலை எழுதுகிற இன்றோடு பதினொரு நாளாகப் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

இரண்டாவது தாங்கிக்குத் தடை என்பது உண்மையில் ஒரு முடிவு என்றால் அதை எழுத்தில், தமிழில் தாருங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் அது முடிவு அல்ல என்று ஏற்றுக்கொண்டு, நிறுத்தி வைத்த அனுமதிப்பத்திரங்களைத் தாமதிக்காமல் விடுங்கள். விளங்காமல் கையெழுத்து வைத்த ஐந்து பேருக்கும் அந்தத் தாளின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்து, விரும்பினால் திரும்பப் பெற இடம் கொடுங்கள்.

தாங்கி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். எத்தனை அடிப் படகுக்கு எத்தனை லீட்டர் வரை, படகில் எந்த இடத்தில், என்ன பொருளில், எப்படிக் கட்டுவது, குழாயின் அளவு, வால்வு, தண்ணீர் வடிகட்டி, பெற்றோலுக்கு என்ன விதி என்று அதில் இருந்தால் போதும். எழுதுவதற்கு முன் கல்லடி, பாலமீன்மடு, வாழைச்சேனை, வாகரைப் பக்கத்து இஞ்சின் பாஸ்மாரையும் பைபர் வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டு ஒரு நாள் இருந்து கேளுங்கள். கல்முனை, ஒலுவில், திருக்கோவில் பக்கத்தவர்களுக்கும் இதே கடல், இதே கச்சான்தான். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு ஒத்துவராத தாங்கியைக் கழற்றச் சொல்லுங்கள், திருத்த ஒரு மாதத் தவணையோடு.

சோதனைக்கு வருகிறவர் ஒரு வெளியிணைப்பு இஞ்சினைக் கையால் கழற்றிப் பூட்டியவராக இருக்க வேண்டும். அவர் பரல் எது, தாங்கி எது என்று பார்த்தே பிரித்துச் சொல்ல வேண்டும். சோதனையில் தாங்கியைப் பார்க்கும்போது பக்கத்தில் கிடக்கிற கானையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படகுப் பதிவுப் புத்தகத்தைக் காட்டினால் செட்டில் மூடி போட்ட, எண்ணெய்க்கென்றே செய்த கானில் அல்லது தாங்கியில் அளவோடு அடிக்கலாம் என்று ஒரு கடிதம் மாவட்டத்தில் உள்ள எல்லா எண்ணெய் நிலையங்களுக்கும் உங்கள் பக்கத்திலிருந்து போக ஏற்பாடு செய்யுங்கள்.

வாடைக்காற்று பிறந்தால் இரண்டு மூன்று மாதம் எங்களுக்குத் தொழில் இல்லை. அதற்கு முன் இருக்கிற நாட்கள் கொஞ்சம். ஆகவே இந்த மடலுக்கான பதிலை 14 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதற்குள் பொறுப்பானவர் ஒருவர் கரைக்கு வரட்டும். என் படகை நிமிர்த்தித் தாங்கியைப் பூட்டி வைத்திருப்பேன். கிழக்கே 10 கிலோமீற்றர் என்னோடு வந்து, வால்வை அவரே திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கழற்றச் சொல்வதா என்று அவர் முடிவெடுக்கட்டும். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு முன் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன்.

இப்படிக்கு,
பாலமீன்மடுக் கரையிலிருந்து
அனுமதிப்பத்திரம் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு படகுக்காரன்